தாம்பாளத்தில் ஒரு நார்வே

தம்பி,

வழக்கமாக என் கடிதத்தின் முதல் வரி "நான் இங்கு சௌக்கியம்" என்றுதான் இருக்கும். இந்த முறையும் அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதாமல் நிறுத்திவிட்டேன். அந்த வரியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் அம்மா உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பதின்மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உள்ள போட்டோ இருக்கு போல. மடங்காம கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். பிரித்துக் காட்டாமல் அவர் போக மாட்டார். நம் அம்மா மண்டபம் சாலை முழுவதற்கும் வெளிநாட்டுத் தபால் வருவது நம் வீட்டுக்கு மட்டும்தான். அதில் அவருக்கும் பாதிப் பெருமை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னங்க டீச்சர் இது, ஆறா, கடலா?" என்றார். "கடல்தாங்க. ரெண்டு மலைக்கு நடுவுல வெகுதூரம் உள்ள வந்திருக்கு" என்றேன். "அப்ப உப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஃபியோர்டு என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்க நான் இரண்டு பீரியடு எடுத்துக்கொள்வேன். அவருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது.

கடிதத்தை அன்றே நாலு முறை படித்தேன். நார்வேயில் நீ பயிற்சி எடுக்கும் மின்நிலையத்தில் உனக்கு ஒரு ஞாயிறு விடுமுறை கிடைத்ததையும், தபால் மூட்டை ஏற்றிப் போகும் சின்னப் படகில் நீயும் ஏறிக்கொண்டதையும், உன்னைத் தவிர வேறு பயணியே இல்லாததையும் எழுதியிருந்தாய். இரண்டு பக்கமும் மலை தண்ணீருக்குள்ளிருந்து நேராகக் கிளம்பி நிற்கிறது, நம் மலைக்கோட்டையைப் பத்துப் பதினைந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சி எட்டாது என்று எழுதியிருந்தாய். கோடையில் வாய் ஓயாமல் விழும் அருவிகள் எல்லாம் இப்போது உறைந்துபோய், விழப்போன இடத்திலேயே பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்றும், அத்தனை அருவிக்கும் கீழே கடல் மட்டும் கறுப்பாக அசைந்துகொண்டே இருந்தது என்றும் எழுதியிருந்தாய். பாதி மலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை வீட்டைப் பற்றியும் எழுதியிருந்தாய். அந்த வீட்டு மனுஷர்கள் உப்பு வேண்டும் என்றால்கூடப் படகுக்குக் காத்திருக்க வேண்டுமாம். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தி, கூவிப் பார் என்று ஜாடை காட்டினாராம். உனக்கு என்ன கூவுவது என்று தெரியவில்லை. கடைசியில் நம் பஸ் கண்டக்டர் கூவுகிற மாதிரி "பாலக்கரை! பாலக்கரை!" என்று கத்தினாயாம். மலை அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னதாம். அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பத்து மாதமாக நீ தமிழில் யாரோடும் வாய் திறந்து பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நீ எழுதிய பத்தியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. படகு கடைசித் துறையில் நின்றதும், நீ பனியில் இரண்டு மைல் நடந்து, மலையிலிருந்து ஓர் ஆறு வந்து கடலில் கலக்கும் மூலைக்குப் போயிருக்கிறாய். அங்கே கரையோரமாக, அப்பளம் அளவுக்கு மெல்லிசாக, ஐஸ் படிந்திருந்ததாம். "அம்மா, நீங்கள் அன்று வகுப்பில் சொன்னது சரிதான். இங்கே கடல் உறையத்தான் செய்கிறது" என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, அங்கே உறைந்தது ஆற்று நீர். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும், அதனால் அது மட்டும் உறையும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நான் செய்த தப்புக்கு நிற்க ஓர் அடி இடம் கிடைக்குமா என்று இரண்டு மைல் பனியில் தேடிப் போயிருக்கிறாய். இங்கிருந்து கொண்டுபோன அந்த மெல்லிசுக் காலுறையோடு நீ நடந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். பயிற்சி பங்குனியோடு முடிகிறது; அங்கேயே இன்னும் மூன்று வருஷம் வேலையில் இருக்கச் சொல்கிறார்கள்; இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்; "நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்" என்று. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பழைய நாளை நான் ஒழுங்காக எழுதிவிட வேண்டும். ஒரு தப்பை எந்த வகுப்பில் செய்தோமோ, அந்த வகுப்பிலேயே திருத்திவிட வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நீ செய்.

உன் அப்பா இறந்துபோனபோது உனக்கு ஆறு வயது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது உனக்குப் பத்து. எட்டாம் வகுப்புக்கு வந்ததும் நீ என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாய். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, பையன் உங்க கிளாஸ்லயே இருக்கான். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அதைக் கல்லில் வெட்டியதுபோல் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் நீ என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு நாள் மறந்துபோய் "அம்மா, சாக்பீஸ்" என்றாய்; முட்டி போட வைத்தேன். பரீட்சைத் தாள் திருத்தும்போது எல்லோருக்கும் போடுகிற மாதிரி போட்டுவிட்டு, உன் தாளில் மட்டும் ஐந்து மார்க் குறைப்பேன். அதற்குக் காரணம் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. டீச்சர் பிள்ளைக்குக் குறைத்துப் போட்டால்தான் டீச்சர் நேர்மையானவள் என்று நம் ஊரில் ஒரு கணக்கு. என்னைப்போலப் பிள்ளையைத் தன் வகுப்பிலேயே வைத்திருந்த வாத்தியார்கள் எல்லோரும் இதைச் செய்தோம். பிள்ளைக்குச் செய்த அநியாயத்தை நேர்மை என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த மார்கழியில் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அது நிரந்தரமாவது அவர் வந்து பார்த்து எழுதுகிற குறிப்பைப் பொறுத்துத்தான் இருந்தது. புவியியல் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நான் ஐரோப்பாவை எடுத்துக்கொண்டேன். எனக்கு உதாரணம் இல்லாமல் பாடம் நடத்த வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டில் இருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன். நீ படித்துறையிலிருந்து ஈரக் களிமண் கொண்டுவந்து இரண்டு பக்கமும் மலை பிடித்தாய். பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்து, மெல்லிசாக இழுத்து, அருவி அருவியாக ஒட்டினாய். அந்த அருவிகளைப் பார்த்து நானே அசந்துபோனேன். நடுவில் கடல் வேண்டும். நீல மை கலந்த தண்ணீர் ஊற்றலாம் என்றாய் நீ. அப்போது அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் என் கண்ணில் பட்டது. மார்கழிக் குளிருக்கு வெள்ளையாக உறைந்து கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். குளிர்காலத்தில் நார்வேயின் கடல் இப்படித்தான் உறையும் என்று காட்டிவிடலாமே! எண்ணெயைக் காய்ச்சி மலைகளுக்கு நடுவே ஊற்றி, தாம்பாளத்தை ஈர மணல்மேல் வைத்தேன். விடிந்தபோது நார்வே உறைந்திருந்தது.

நீ அப்போதே சொன்னாய். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், "அம்மா, அட்லஸ்ல அந்தக் கரையோரமா ஒரு சிவப்பு அம்பு போட்டிருக்கு. வெந்நீர் மாதிரி ஒரு நீரோட்டம் போகுதாம். அதனால அங்க கடல் உறையாதாம்மா" என்றாய். நான் புடவைக்குப் பின் குத்திக்கொண்டே, "அப்புறம் பேசலாம், தாம்பாளத்தைப் பாத்து எடு" என்றேன். பஸ்ஸில் அந்தத் தாம்பாளத்தை மடியில் வைத்து, சிந்தாமல் சிதறாமல், காவேரிப் பாலம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நீதான்.

முதல் பீரியடு. இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்து முன்னால் வந்துவிட்டார். விரலால் எண்ணெயைத் தொட்டுப் பார்த்து, "பலே" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "குளிர்காலத்துல இங்க கப்பல் எப்படிப் போகும்?" என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தபடியே முப்பத்தெட்டுப் பிள்ளைகளும், "போகாது சார்!" என்று கத்தினார்கள். நீ மட்டும் எழுந்து நின்றாய். "போகும் டீச்சர். அங்க கடல் உறையாது" என்றாய். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். எனக்கு ஒரு நிமிஷம் அந்தச் சிவப்பு அம்பு ஞாபகம் வந்தது. வந்தும், நான் என்ன செய்தேன்? "ஏன்டா, நீ போய்ப் பாத்தியா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "சொல்லு, பாத்தியா?" "இல்ல டீச்சர்." "பாக்காததைப் பேசக் கூடாது. உக்காரு." நீ உட்கார்ந்தாய். இன்ஸ்பெக்டர் புன்னகை செய்தார். அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும்தான் போய்ப் பார்க்கவில்லை என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நீ என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாய். தாம்பாளம் என் மடியில். வெயிலுக்கு எண்ணெய் இளகி, பஞ்சு அருவியெல்லாம் அதில் நனைந்து சரிந்துவிட்டிருந்தது. பாலம் தாண்டும்போது பின்னாலிருந்து, "டிக்கெட் எடுத்திட்டீங்களா?" என்று கேட்டாய். நான் திரும்பிப் பார்த்தேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் வரை "நீ, வா, போ" என்று பேசிய பிள்ளை. பள்ளிக்கூடம் ஒரு மைல் பின்னால் போய்விட்டது, பஸ்ஸில் நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சரி, இரண்டு நாளில் மாறிவிடும் என்று நினைத்தேன். இன்றுவரை மாறவில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும், "அம்மாவை எவ்வளவு மரியாதையாப் பேசறான்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஒரு வாரத்தில் நான் பெரிய புத்தகம் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. அதற்குள் என் வேலை நிரந்தரமாவது உறுதியாகியிருந்தது, இன்ஸ்பெக்டர் குறிப்பில் என் தாம்பாளத்தைப் பாராட்டி எழுதியிருந்தார். மறுநாள் வகுப்பில் போய், "நேத்து வரைக்கும் நான் சொன்னது தப்பு, இவன் சொன்னதுதான் சரி" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தபால்காரருக்கு ஆன அரை நிமிஷம். நான் சொல்லவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து தாம்பாளத்தில் நீல மை ஊற்றி, சரியாகவே நடத்தினேன். ஓய்வு பெறும் வரைக்கும் சரியாகவே நடத்தினேன். நீ உட்கார்ந்திருந்த அந்த ஒரு வகுப்புக்கு மட்டும்தான் சொல்லவே இல்லை. ஒரு நல்ல உதாரணம் எவ்வளவு ஆபத்தானது என்று ஆசிரியப் பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை, தம்பி. சரியான விஷயத்தைக்கூடப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். நல்ல உதாரணத்தோடு சொன்ன தப்பு சாகாது.

அது எனக்குப் போன திங்கட்கிழமைதான் தெரிந்தது. பாலக்கரையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். சோறு வடிக்கிற பானை எனக்கு ரொம்பப் பெரிதாகிவிட்டது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. கடைக்காரன் எழுந்து கும்பிட்டான். உன்னோடு எட்டாம் வகுப்பில் படித்தவன், இப்போது மீசையும் தொந்தியுமாக இருக்கிறான். "டீச்சர், எத்தனை பேருக்கு ஆக்கறதுக்கு?" என்றான். "ஒருத்திக்கு" என்றேன். அவன் அதைக் கவனிக்காமல் ஏணியில் ஏறிக்கொண்டே, "உங்க பிள்ளை நார்வேலயாமே? கேள்விப்பட்டேன். அங்க கடல் தேங்காண்ணெய் மாதிரி உறைஞ்சு கிடக்குமே டீச்சர், எப்படித்தான் சமாளிக்கிறானோ!" என்றான்.

"உறையாதுப்பா" என்றேன். "நான்தான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். அவன் சொன்னதுதான் சரி."

அவன் ஏணியிலிருந்தபடியே சிரித்தான். "போங்க டீச்சர், விளையாடாதீங்க! நீங்களாவது தப்பாச் சொல்றதாவது. எங்க கண்ணால பாத்தோமே!" பிறகு பானையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பாவம், அவனை அந்த வருஷம் முழுக்க நாங்க 'தேங்காண்ணெய், தேங்காண்ணெய்'னுதான் கூப்பிட்டோம். ஒரு தரம்கூட அடிக்க வரல. பேசாம போயிடுவான். உங்ககிட்ட சொன்னதில்லையா?"

நீ சொன்னதில்லை. அந்த வருஷம் நீ ஏன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்தாய் என்பது எனக்கு அந்தக் கடையில் நின்றபோதுதான் புரிந்தது. நான் அதற்கும் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தனபாக்கியம், "இருக்கட்டுமே டீச்சர், மூணு வருஷம் என்ன பெரிய காலம்? கண்ணை மூடித் திறந்தா ஓடிப்போயிடும்" என்கிறாள். அவளுக்கு மூன்று மருமகள்களும் அதே வீட்டில். என் கையிலும் அழகான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: "உன் முன்னேற்றம்தான் எனக்கு முக்கியம். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இரு." யார் படித்தாலும் பலே என்பார்கள். எண்ணெய் ஊற்றிய தாம்பாளம் மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும். அவ்வளவு பொய்யாகவும் இருக்கும்.

நீ போனதிலிருந்து நான் எழுதிய கடிதங்களில் பாதி அப்படித்தான். துணைக்கு ஓர் அம்மாள் வந்து படுத்துக்கொள்கிறாள் என்று எழுதினேன். அவள் ஆடியிலேயே தன் மகளோடு போய்விட்டாள். முழங்கால் வலி தேவலை என்று எழுதினேன். படித்துறையில் இறங்கி ஏழு மாதம் ஆகிறது. சில நாள் தபால்காரரிடம் பேசிய பேச்சுதான் அன்றைக்கு நான் பேசிய பேச்சு. நீ என் தப்புக்கு ஐஸ் தேடிப் போகிறாய், நான் உன் நிம்மதிக்கு இல்லாத அம்மாளை வீட்டில் படுக்க வைக்கிறேன். இரண்டு பேரும் இவ்வளவு மரியாதையாக ஒருவருக்கொருவர் பொய் எழுதிக்கொண்டிருந்தால், கடைசியில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்?

ஆகையால் உண்மையைச் சொல்கிறேன். நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை. துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலையும் கல்லூரியுமாக எழும்பிக்கொண்டிருக்கின்றன, உன்னைப் போலப் படித்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கும் என்கிறார்கள். அதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன். காரணம் நான்தான். மூன்று வருஷம் எனக்கு நீளமாகத் தெரிகிறது. உனக்கு எப்போதும் ஐந்து மார்க் குறைத்தே பழகிய கை இது. ஒரு தடவையாவது என் பிள்ளை என்று பாரபட்சமாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் இது என் ஆசை. இதுதான் சரியான விடை என்று நான் சொல்லவில்லை. அந்த மலைகளும், தண்ணீரிலிருந்து வெளிச்சம் எடுக்கிற அந்த வேலையும் உன் மனதைப் பிடித்துக்கொண்டிருந்தால், எழுந்து நின்று "தப்பு டீச்சர்" என்று எழுது. அந்த வகுப்பில் உன்னை நான் உட்கார வைத்தேனே, அப்படி இந்த முறை உட்கார வைக்க மாட்டேன். நீ சொல்வதை முழுக்கக் கேட்பேன். இருக்கிறேன் என்று நீ எழுதினாலும், அது உண்மையாக இருந்தால், அந்தக் கடிதத்தையும் நாலு முறை படிப்பேன். என்னைக் காப்பாற்றுவதற்காக மட்டும் எதையும் எழுதாதே. பனியில் நடந்து எனக்காக எதையும் தேடாதே.

படத்தை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் எங்கேயும் ஒரு துளி ஐஸ் இல்லை. நீ களிமண்ணில் பிடித்த மலைகள் இதே சாயல்தான் என்பதையும் பார்த்தேன்.

முதல் வரியில் எழுதாமல் விட்டதை இப்போது எழுத வேண்டும். நான் சௌக்கியமா, இல்லையா? பார்க்காததைப் பேசக் கூடாது என்று உன்னை உட்கார வைத்தவள் நான். நீ நார்வேயைப் போய்ப் பார்த்துவிட்டாய். என்னையும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, அப்புறம் நீயே சொல்.

அம்மா